தரையின் பேரால்

நான்தான் முதலில் சொன்னேன்.
தாத்ரா மலைக்குக் கிழக்கே நவம்பர் என்றால் ஈரம்;
முதுகு விண்ணென்று தெறித்த ஒரு நாளில்,
"இந்தச் சேற்றை எத்தனை தடவை துடைப்பது?"
யாரைப் பற்றியும் சொல்லவில்லை.
சேற்றைப் பற்றித்தான் சொன்னேன்.

தலைமையாசிரியர் கிராய்ச்சி அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.
காகிதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனது.
திரும்பி வந்தபோது
சேற்றுக்கு ஒரு முகவரி இருந்தது:
ஓடைக்கு அப்பால், தார் போடாத தெரு,
ரோமா குடியிருப்பு.

எங்கள் பள்ளி வாசலில் ஒரு மர அலமாரி,
பிள்ளைக்கு ஒரு கட்டம்.
தெருக்காலணியை அங்கே விட்டு
உள்செருப்பு மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகவேண்டும்.
பதினொரு கட்டங்கள் திங்களன்று காலி.
பதிலுக்கு ஒரு பெட்டி,
ஆஸ்பத்திரியில் காலுக்கு மாட்டுகிற நீல பிளாஸ்டிக் உறை.
கேட்டவர்களுக்குச் சொன்னார்கள்:
"துப்புரவுப் பெண் பாவம்."

என் பேர் ஜெல்மீரா.
இருபத்திரண்டு வருஷத்தில்
அந்தப் பேரை யாரும் அங்கே தேடியதில்லை.

சரக் சரக்.
கதவு திறப்பதற்கு முன்னே
யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.
ரமோனா கலேயா, ஏழு வயசு,
சத்தம் வராமலிருக்கக் கால் தூக்காமல்
வழுக்கி வழுக்கிப் போனாள்,
உறைந்த குளத்தின்மேல் போகிறவள் மாதிரி.
விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள் பிள்ளைகள்.
அவளும் விளையாட்டுப் போலவே செய்து காட்டினாள்.

அவள் அம்மா ஜானெத்தா சத்தம் போடவில்லை.
செவ்வாயன்று கேட்டுக்கு வெளியே,
எல்லாரும் பார்க்கிற இடத்தில்,
கேன் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தாள்.
காசுச் சில்லு வைத்தால்தான் வரும் தண்ணீர்,
குடியிருப்புக்கே ஒரு குழாய்,
விடியுமுன்னே வரிசை.
அந்தத் தண்ணீரில்
பதினொரு சோடியையும் அடிப்பாகம் வரை கழுவினாள்.
இனி உறை வேண்டாம் என்றாள்.
விதி விதிதான் என்றார் கிராய்ச்சி.
சரக் சரக்.

புதனன்று கேனில் பனித்தகடு.
தபால்காரி ஒல்கா சைக்கிளை நிறுத்திப் பார்த்தாள்,
ஒன்றும் பேசாமல் போனாள்,
திரும்பி வந்தபோது கையில் ஆவி பறக்கும் கெட்டில்.
வியாழன் ரொட்டிக்கடையிலிருந்து இரண்டு.
மருந்துக்கடைக்காரர் தன் மகன் காலணியைக் கழற்றி
ஜானெத்தாவிடம் நீட்டவில்லை;
பக்கத்தில் குந்தித் தானே கழுவினார்.
எதிர்ச்சாரியில் சிலர் வேகமாக நடந்தார்கள்.
என் தங்கையும் அதில் ஒருத்தி.

நான் ஜன்னலுக்கு உள்ளே.
கையில் மாப்புக் கட்டை.
என் பேரால் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நான்கு நாள்.
நான்கு நாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
பள்ளியின் வாளி, பள்ளியின் வெந்நீர்.
ஜானெத்தா நிமிர்ந்து பார்த்தாள்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்?
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று பெட்டியில் உறை தீர்ந்துபோனது.
ஐந்தாம் வகுப்பு மொத்தமும் எடுத்து மாட்டிக்கொண்டு
தாழ்வாரமெங்கும் சரக் சரக் சரக்,
யார் வருகிறார்கள் என்று
யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்காகத்தானே செய்தோம்," என்றார் கிராய்ச்சி.
"தரை என்னிடம் ஒன்றும் முறையிடவில்லை, ஐயா.
என் முதுகு உங்களுக்கு வலித்தால்
சம்பளத்தைப் பேசுங்கள்.
இல்லையென்றால் அந்தத் தெருவுக்குத் தாரைப் பேசுங்கள்."

ஈஸ்டருக்கு முன் கட்டங்கள் திரும்பக் கிடைத்தன.
சம்பளம் அப்படியே.
தாருக்கு எழுபத்தாறு கையெழுத்து,
நகராட்சி மேசையில் எதற்கோ அடியில்.
என் தங்கை கையெழுத்துப் போடவில்லை,
பேசுவதும் இல்லை.

பனி உருகுகிறது, வாசலெல்லாம் சேறு.
துடைக்கிறேன்.
பதினாலாம் கட்டத்தில் ரமோனாவின் உள்செருப்பு,
மற்றவர்களுடையது மாதிரியே,
ஒன்று கவிழ்ந்து.