மிகையாக வந்தது

மெசேஜ் சத்தம் ரெண்டு தரம் கேட்டுச்சு.
ஒண்ணு என் போன்ல.
இன்னொண்ணு பிரிட்ஜ் மேல கெடந்த அவரு போன்ல.
ஆளு போயி அஞ்சு மாசம்.
சிம்முக்கு மட்டும் துட்டு போட்டுக்கினே இருந்தேன்,
எதுக்குன்னு கேக்காதீங்க.

இருபத்திநாலாயிரம் எனக்கு.
இருபத்திநாலாயிரம் ஏகாம்பரத்துக்கு.
பில்டிங்கை இடிச்சுக் கட்டுற வரைக்கும்
வெளிய வாடகைக்கு இருக்கச் சொல்லி
வாரியம் போட்ட பணம்.

தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்.
தெரிஞ்சுதான் அவரு கார்டை எடுத்துக்கினு
எருக்கஞ்சேரி ரோட்டு ஏடிஎம்முல போயி நின்னேன்.
பின் நம்பரு எங்க கதவு நம்பருதான், முன்னால ஒரு சைபரு:
பி பிளாக்கு, மூணாவது மாடி, முந்நூத்திப் பதினேழு.
அந்தக் கதவை அதுக்குள்ள யாரோ கழட்டி
மீன்பாடி வண்டியில ஏத்திக்கினு போயிட்டாங்க.
மிஷினு மட்டும் அந்த நம்பருக்கு
இன்னும் தொறந்துச்சு.

கொருக்குப்பேட்டையில, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட
ஒரே ரூமு. கூட்ஸு போனா
தண்ணிச் சொம்பு தானா நகரும்.
"எந்த ஏரியாலேர்ந்து வர்றீங்க?"
வியாசர்பாடி போர்டுன்னு சொன்னதும்
முப்பதா இருந்த அட்வான்ஸு
நாப்பத்தஞ்சாச்சு.
என் துட்டுக்கு அரை ரூமு வந்துச்சு.
மீதி அரையை அவரு எடுத்துக் குடுத்தாருன்னு
நான் கணக்கு வச்சுக்கினேன்.
மிச்சம் மூணு, சாமான் ஏத்துன குட்டியானைக்கு.

பதினோரு மாசம் கழிச்சு கடுதாசி.
*மேற்படி ஒதுக்கீட்டின் பேரில்
கருணைத்தொகை இருமுறை வரவு வைக்கப்பட்டது
தணிக்கையில் தெரியவந்துள்ளது.
மிகைத்தொகையைப் பதினைந்து தினங்களுக்குள்*
பையன் படிச்சுக் காட்டுனான்.
மிகைன்னா இன்னாடான்னு கேட்டேன்.
தேவைக்கு மேலன்னான்.
ரெண்டு பேரும் ரூமை ஒருதரம் சுத்திப் பாத்தோம்.

செக்‌ஷன்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணுதான்.
டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டுக் கேட்டுச்சு:
"இறந்தவருக்கு எதுக்கும்மா வாடகை?"

அவரும்தான் வூட்டைக் காலி பண்ணாரு.
மூலக்கொத்தளத்துல ஆறடி எடத்துக்கு
குழி வெட்டுனவன் வாங்குனதுக்கு
யாரு ரசீது குடுத்தாங்க,
எந்தத் தணிக்கையில அது தெரியவந்துச்சு
அப்படின்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு.
வெளிய வந்தது வேற.

"துட்டு என்கையில இல்லம்மா.
வூட்டுக்காரரு பீரோவுல உக்காந்துக்கினு கீது.
நீங்க பில்டிங்கைக் கட்டி சாவியைக் குடுங்க,
நான் காலி பண்றேன், அவரு எனக்குத் தருவாரு,
நான் உங்களுக்குத் தந்துடறேன்."
பொண்ணு ஒண்ணும் பேசல.
ஜன்னலுக்கு வெளிய எங்க எடம் தெரிஞ்சுது.
நட்டு வச்ச கம்பி.
கம்பிக்குக் கம்பி கட்டுன கயித்துல
வாட்ச்மேன் லுங்கி.

மாசம் ஐந்நூறு, நாப்பத்தெட்டுத் தவணை.
கையெழுத்துப் போட்டேன்.
மொதல் ரசீதை கவுன்ட்டர்ல தள்ளுனாங்க:
*செலுத்துபவர்: ஆ. ஏகாம்பரம்.*
கம்ப்யூட்டர்ல அந்தப் பேருதான் ஏறிக் கீதாம்,
இப்போ மாத்த முடியாதாம்.

வட்டிக்காரன் கொரலு கேட்டா
பொதுக் கக்கூஸுல ஒளிஞ்சுக்குற மனுசன்.
தீபாவளி சீட்டு எடுத்துட்டு
ரெண்டு தெரு சுத்திப் போன மனுசன்.
இப்போ அஞ்சாந்தேதி ஆனா
வரிசையில மொத ஆளு.
ராத்திரி பிரிட்ஜ் மேல வெளிச்சம் வரும்:
*தங்கள் தவணை பெறப்பட்டது. நன்றி.*
அவரு வாழ்க்கையில
கடன் குடுத்தவன் நன்றி சொன்னது
இதுதான் மொதல்ல.

ஒன்பது தவணை ஆச்சு.
ரசீதை மடிச்சு பர்ஸுல வைக்கும்போது
டீக்கடை வரதன் எட்டிப் பாத்துட்டான்.
நோட்டைப் பொரட்டி மூணு பக்கம் காட்டுறான்.
"இம்மாம் ஒழுங்கா கட்டுறாரே,
அப்படியே இதையும் கொஞ்சம்
பாக்கச் சொல்லுமே."