பட்டாம்பூச்சி ஊசி

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
மூன்று எச்.பி. மோட்டாரைத் தட்டிக் காட்டுகிறார்
ஃபரூக் பாய்,
பெண்வீட்டாருக்கு மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல.
"அறுநூத்தி நாப்பது அடி போர், மேடம்.
இதுக்குக் கீழ எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும்."
கந்தவேல் தலையாட்டியாகிவிட்டது.
பக்கத்து வீட்டு டெய்சிராணி போட்டிருப்பதும் மூன்றுதான்.
அவர்கள் தொட்டி வழியும் சத்தம்
எங்கள் படுக்கையறை வரைக்கும் வரும்.

கைப்பையில் இருந்த டைரியை எடுத்தேன்.
அதில் போன ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

மாதேஸ் வாடகை மோட்டாரை இறக்கினான்.
இருநூறு லிட்டர் டிரம், என் செல்போன் கடிகாரம்.
முதல் டிரம் நாலு நிமிடத்தில் பொங்க
கந்தவேல் விசிலடித்தான்.
இரண்டாவதுக்கு ஏழு.
மூன்றாவதில் குழாய் இருமியது.
வெறும் காற்று; பிறகு
சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளை,
மாமாங்கத்து வெள்ளைக்கல் மாவு.
மாதேஸ் வால்வைத் திருகித் திருகி
இருமல் அடங்கிய இடத்தில் விட்டான்.
அந்த டிரம்முக்குப் பதினொரு நிமிடம்.
அடுத்ததற்கும் பதினொன்று.
போர் போட்டவர்கள் சொன்ன ஒண்ணேகால் இஞ்ச் தண்ணி
அன்றைக்கே அவர்கள் வண்டியில் ஏறி
திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டது போல.

நான் ஐந்து ரோட்டில் ஒரு லேபில்
ரத்தம் எடுப்பவள்.
ஜருகுமலையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார் செங்கோடன்.
கட்டுக் கட்டித் தட்டித் தட்டித் தேடினால்
நூல் மாதிரி ஒரு நரம்பு.
புதிதாய்ச் சேர்ந்த பெண் பெரிய சிரிஞ்சை மாட்டி
வெடுக்கென்று இழுத்தாள்.
சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டது.
உள்ளே ரத்தம் இருக்கிறது, ஊசிக்கு வராது.
இன்னும் இழுத்தாள்.
ஒரு வாரம் நீலமாயிருந்தது அந்தக் கை.
அதற்கப்புறம் அவருக்கு நான்தான்,
பட்டாம்பூச்சி ஊசிதான்,
அவசரமே இல்லை.

"பாய், நிமிசத்துக்குப் பதினஞ்சு லிட்டருக்கு மேல
எடுக்காத மோட்டார் இருக்கா?"

"கொஞ்சமாத் தண்ணி வேணும்னு கேட்டு
இந்தக் கடைப்படி யாரும் ஏறினதில்ல" என்றார்.
ஆனால் கண்ணாடியை மாட்டினார்.
ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
நானூற்று எண்பதில் தொங்கவிட்டு
மாடித் தொட்டிக்கு முப்பது சேர்த்தால்
ஐந்நூற்றுப் பத்து அடி தூக்கியாக வேண்டும்.
உயரத்தில் கை வைக்க முடியாது, அளவில்தான் குறைக்கலாம்.
அட்டவணையின் வளைகோட்டில் அவர் விரல்
சறுக்கிச் சறுக்கி ஓரிடத்தில் நின்றது.
ஒன்றரை எச்.பி., நிறைய ஸ்டேஜ்.
மேல் அலமாரியில் தூசியோடு கிடந்தது,
ஒல்லியாய், நெட்டையாய்.
"தண்ணி இல்லேன்னா தானா நிக்கிற பேனல் ஒண்ணும்
சேத்துப் போட்டுக்குங்க" என்றார்,
மூன்று எச்.பி.யைப் பார்க்காமல்.

பைக்கில் ஜங்ஷன் தாண்டும்வரை
கந்தவேல் பேசவில்லை.
பிறகு ஒரே வரி:
"டெய்சிராணி வீட்டுல கேட்டா
எத்தனை எச்.பி.ன்னு சொல்றது?"

ராத்திரி மொட்டைமாடியில்
பென்சில் கனத்தில் விழுந்தது தண்ணீர்.
அவன் கையை நீட்டிப் பார்த்து
"ஆட்டுப்பால் கறக்குற மாதிரி இருக்கு" என்றான்.
எதிரே ஏற்காட்டு மலையில் ஒரு வண்டி விளக்கு
கொண்டை ஊசி கொண்டை ஊசியாய் ஏறிக்கொண்டிருந்தது.
தொட்டி பாதியானபோது அதைக் காணோம்.
கந்தவேலும் பாயில் தூங்கிப்போயிருந்தான்.
ஒரு மணி ஏழு நிமிடம்.
ஒருமுறைகூட இருமவில்லை.

கீழே வந்து சுவிட்சை அணைத்தேன்.
போரின் இரும்பு மூடி சில்லென்றிருந்தது.
பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது:
"ரெண்டு நிமிசம் மடக்கிப் பிடிச்சுக்குங்க."

சுவருக்கு அந்தப் பக்கம்
மூன்று எச்.பி. உறுமத் தொடங்கியது.
எந்தக் கையிலிருந்து எடுக்கிறதோ.