ஆயிரத்து நாற்பது அடி

திசையன்விளைக்குத் தெற்கே
லிங்கதுரை அண்ணாச்சியின் முருங்கைத் தோட்டம்.
இருநூற்று அறுபதடி ஆழத்தில்
எரிந்துபோய்க் கிடந்தது மோட்டார்.
அதன் தலைமேல் பதிமூன்று இரும்புக் குழாய்.
எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோ.

நான் நாற்பத்து மூன்று.
முப்பிடாதி ஐம்பத்தொன்று
(ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தது).

முக்காலியை நிறுத்தினோம்.
தேரி மண்ணில் கால் புதையாமல்
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பலகை.
மேலே இரண்டு கப்பி, கீழே இரண்டு,
போய் வந்து போய் வந்து
நாலு இழையாகத் தொங்கியது கயிறு.
இழைக்கு எழுபத்தைந்து கிலோ.
எங்கள் கையிலிருந்த நுனிக்கும் அதே எழுபத்தைந்து,
உராய்வுக்கென்று கொஞ்சம் மேலே.
இரண்டு பேர் தொங்கினால் ஏறிவிடும்.

ஐந்தாவது மூட்டு துருவேறி இறுகியிருந்தது.
அண்ணாச்சியின் மகன் ரெஞ்சைப் பிடித்து முக்கினான்.
கழுத்து நரம்பு புடைத்தது,
மூட்டு அசையவில்லை.
ரெஞ்சின் வாலில் ஐந்தடிக் குழாயைச் செருகி
அதன் கோடியில் போய் உட்கார்ந்தேன்.
தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
அவன் பலசாலிதான்.
பிடித்த இடம்தான் ரொம்பப் பக்கம்.

சாயங்காலம்
பேசியது மூவாயிரம், நீட்டியது பாதி.
"பாரத்தையெல்லாம் கப்பிதான தூக்கிச்சு,
நீங்க சும்மா கயித்தப் புடிச்சிட்டு நின்னிய."

"கப்பி யாருக்கும் இனாம் குடுக்காது அண்ணாச்சி.
கனத்துல கழிச்சத நீளத்துல கூட்டிரும்.
குழாய் ஓரடி ஏற, கயிறு நாலடி வரணும்.
இருநூத்தி அறுபத நாலால பெருக்கும்.
அம்புட்டும் இந்தக் கை வழியாத்தான் வந்துச்சு."

நார் கீறிய உள்ளங்கையை விரித்தேன்.
முப்பிடாதி ஒன்றும் பேசவில்லை.
கழற்றிப் போட்ட மோட்டாரின் மேல் உட்கார்ந்து
கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்,
இப்போதைக்கு எழுந்திருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

அண்ணாச்சி முருங்கையைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்,
பிறகு மடியை அவிழ்த்தார்.
எண்ணிப் பார்த்தால் இருநூறு குறைந்தது.
போகட்டும்,
உராய்வில் எழுதிக்கொண்டேன்.

இரவு
ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கக் கை நடுங்கியது.
முழங்கையும் நெம்புகோல்தான்,
கணக்குதான் தலைகீழ்.
மூட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்கிறது தசை,
அண்ணாச்சி மகன் ரெஞ்சைப் பிடித்த மாதிரி.
ஒரு கிலோ சொம்புக்கு
உள்ளே எட்டு கிலோ இழுக்கிறது.
வாய்வரை கொண்டுபோகும் தூரத்துக்கு
இவ்வளவு விலை.

இன்னொரு சொம்பு மொண்டேன்.