காற்றின் பேரில் பற்று

களக்காட்டுக்கு மேற்கே, பச்சையாற்றுக் கரையில்
எழுநூற்று நாற்பது ஏத்தன் வாழை
ஒரே திசையில் படுத்துக் கிடக்கின்றன.
குலை தள்ளி முப்பது நாள்.
காய்கள் விரல் பருமன்கூட இல்லை.

நான் எண்ண வந்தவள்.
கழுத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் அட்டை,
கையில் ஒன்பது சதவீதம் சார்ஜ் உள்ள போன்.
செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது.
மலையடிவாரத்தில் சிக்னலும்
மழை மாதிரிதான், வந்தால் வரும்.

"முட்டுக் கொடுத்திருந்தீங்களா?"
கேட்க வேண்டிய கேள்வி, கேட்டேன்.
ஞானதிரவியம் பதில் சொல்லவில்லை.
முறிந்த சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து
என் கையில் தந்தார்.
நல்ல கனம்.
"கம்பு ஒண்ணு முப்பத்தஞ்சு ரூவா.
அதையும் எழுதிக்கிடுங்க."
அதற்குக் கட்டம் இல்லை.

விவசாயி பயிரோடு நிற்கும் படம் வேண்டும்.
பயிர் படுத்திருக்க
அவர் மட்டும் நின்றார்.
முகம் தெளிவாக இல்லை என்றது செயலி.
துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பவும் நின்றார்.
தெளிவாக இல்லை.

விதி இது:
நிலையத்துக் கருவி காற்றைப் பார்த்திருக்க வேண்டும்.
நிலையம் இங்கிருந்து இருபத்தாறு கிலோமீட்டர்,
ராதாபுரம் பக்கம், காற்றாலைக் காட்டுக்குள்.
சித்திரை இருபத்தொன்று, மாலை நாலரை மணி:
அங்கே இலை அசையவில்லை.

எனக்குத் தெரியும்.
அந்நேரம் என் தம்பி சாம்ராஜ்
எண்பது மீட்டர் உயரத்தில்,
நின்றுபோன இறக்கைக்குப் பின்னால்
கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தான்.
போனில் சொன்னான்:
"மேற்கே ஒரே கருப்பா இருக்கு, அக்கா.
இங்கே பீடிப் புகை நேரா மேல போகுது."

ஒரே காற்று.
அவனுக்கு வராமல் நட்டம்,
இவருக்கு வந்து நட்டம்.
கருவியின் கணக்கில் அது பிறக்கவே இல்லை.

போன ஆனியிலும் அப்படித்தான்.
கச்சான் வரும் என்று கடன் வாங்கி நட்ட இரும்பு
ஆடி பத்துவரை வெயில் காய்ந்தது.
எந்த நாட்டுக் கம்பெனியோ
அதன் சுழற்சியை முன்கூட்டியே வாங்கித்
தன் புகையைக் கழித்துக்கொண்டிருந்தது.
ஒப்பந்தக்காரர் ஆறு பேரை அனுப்பிவிட்டார்.
"காத்து நின்னா தூத்துக்குடியில கரியை எரிப்பான்.
கரியை எரிச்சா—"
அதற்குள் மேலே கூப்பிட்டார்கள்.
அவன் வாக்கியம் இன்னும்
கோபுரத்துப் பாதியில் தொங்குகிறது.

அலுவலகத்தில் ஒரு வரைபடம் வந்திருக்கிறது.
எங்கள் காப்பீட்டுக்குக் காப்பீடு தருகிறவர்கள்
பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்து தீட்டியது.
களக்காடு வட்டாரம் அடர் சிவப்பு.
அடுத்த ஆண்டு பிரீமியம் இரண்டு மடங்கு,
அதற்கடுத்த ஆண்டு பட்டியலிலேயே இல்லை.
வளர்ச்சி விகிதம் அச்சிடும் தாளில்
இந்த எழுநூற்று நாற்பதும்
தசமப் புள்ளிக்கு வலப்புறம்
எத்தனையாவது பூச்சியமோ.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை.

அவர் குனிந்து பக்கக் கன்றுகளைப்
பெயர்க்கத் தொடங்கியிருந்தார்.
நகைக் கடனுக்கு வட்டி ஓடுகிறது,
மண்வெட்டியும் ஓடுகிறது.
"எந்த மாசம் நடலாம்?" என்றார்,
நிமிராமலே.
"எண்ணுறவிய நீங்க. ஒங்களுக்குத் தெரியுமே."

எழுநூற்று ஒன்றில் போன் அணைந்தது.
மிச்சத்தைக் கையால் எண்ணினேன்.
ஒவ்வொரு மரத்துக்கும் அவர்
வேலியோரம் ஒரு கல் வைத்தார்.
முப்பத்தொன்பது கல்.
இன்னொன்றும் எடுத்தார்,
கொஞ்சம் யோசித்து
அதையும் வரிசையில் வைத்தார்.
எதற்கு என்று
நான் கேட்கவில்லை.