பேனா எடுத்துக் கொடுத்தவன்

பரஸ்பர சம்மதம் என்கிறது அறிக்கை.
மொத்தம் நான்கு வரி.
அதில் இரண்டு, நன்றி.

அவருடைய பூட்ஸ் இன்னும்
என் மேஜைக்கடியில் கிடக்கிறது,
இடது குதியில் சேற்றோடு.
நான் நெவியோ. சீருடைகளுக்குப் பொறுப்பு.
முப்பத்தியொரு வருடமாக
இந்தக் கிளப்பின் அழுக்கு என் கையால்தான் போகிறது.

அது போரா அடித்த ஞாயிறு.
மலையிலிருந்து இறங்கி
கடலையே அப்பால் தள்ளுகிற காற்று;
திரியெஸ்தேயில் அன்றைக்குப் பெரியவர்கள்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பார்கள்.
எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து
பாதி தூரம் போய், யோசித்து,
அவனிடமே திரும்பி வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
இடைவேளையில் ஒன்றுக்கு மூன்று.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் ஸ்கராமெல்லி.
லிஃப்ட் செய்து விற்கிற மனிதர்.
பொத்தானை அழுத்திய பிறகு
காத்திருந்து பழக்கமில்லாதவர்.

புசோலின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
தோற்கிற நாட்களில் முதல் ஐந்து நிமிடம்
அவர் வாய் திறப்பதில்லை.
உரிப்பார்,
ஆளுக்கொரு சுளை கொடுப்பார்,
தவறு செய்தவனுக்கு இரண்டு.
இரண்டு சுளை வாங்கியவன் எவனும்
அந்த அறையில் தலை நிமிர்ந்து
நான் பார்த்ததில்லை.

"எழுத ஏதாவது கொடு" என்றார் முதலாளி.
என்னிடம்தான்.
மேல்பையில் இருந்தது,
காலர்களில் எண் எழுதும் பேனா.
எந்தச் சோப்புக்கும் மசியாத மை.
அவர் உப்பைத் தின்கிறவன் நான்.
நீட்டினேன்.

பலகையில் ஒட்டியிருந்த பதினொரு காந்த வில்லைகளில்
ஒன்றைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டார்.
அது அத்மிர்.
"நேற்று ராத்திரியே விற்றாயிற்று."
அத்மிர் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்,
ஒரு காலுறையைப் பாதி இழுத்தபடி.
கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல்
கை அப்படியே நின்றது.

பிறகு, நடுவிலிருந்து வலது மூலைக்கு
அழுத்தமாக ஒரு கோடு.
"நீட்டி அடியுங்கள். இப்படி."

பத்திரிகைக்காரர்கள் எழுதியதுபோல்
நாற்காலி எதுவும் பறக்கவில்லை.
புசோலின் எழுந்து
ஈரத் துண்டால் கோட்டைத் தேய்த்தார்.
போகவில்லை.
இன்னும் ஒருமுறை.
பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.
அதில் கோபம் இருந்திருந்தால்
எனக்கு இப்போது தூக்கம் வரும்.

"இடம் மாறி ஆடப்போகிறோம்" என்றார் முதலாளியிடம்,
வழி கேட்டவனுக்குச் சொல்கிற குரலில்.
"இனி காற்று நம் முதுகில்.
நீட்டி அடித்தால் பந்து கடலில் விழும்."

"விழட்டும். பந்து என்னுடையது."

அவ்வளவுதான் சண்டை.
நாற்பத்தைந்து நிமிடமும் குட்டிக் குட்டியாகத் தட்டி ஆடினார்கள்.
விற்கப்பட்டவனை அவர் வெளியே எடுக்கவில்லை.
அத்மிர் ஒன்று போட்டான்,
இன்னொன்று கம்பத்தில் பட்டது.
இரண்டுக்கு மூன்று.
யார் சொன்னது சரி என்று
காபிக்கடைகளில் இன்னும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை காற்று ஓய்ந்திருந்தது.
வண்டி நிறுத்துமிடத்தில்
அவர் பெயர்ப்பலகையைக் கழற்றும் வேலையும்
என் தலையில்தான் விழுந்தது.
நான்கு திருகாணி. ஒன்று துருப்பிடித்து வரமாட்டேன் என்றது.
அவர் காரில் சாய்ந்து நின்று
பார்த்துக்கொண்டிருந்தார்.
"அத்மிருக்குச் சட்டைகளை அனுப்பினாயா?"
"அனுப்பினேன். உங்கள் பூட்ஸ்?"
"சேறு காயட்டும்."
பையிலிருந்து ஆரஞ்சு எடுத்தார்.
பாதிவரை உரித்துவிட்டு
எனக்குக் கொடுத்தார்.
இரண்டு சுளை.

வியாழக்கிழமை புது ஆள் வந்தார்.
இளவயது, நல்ல ஷூ.
பலகை முன் வெகுநேரம் நின்றார்.
கோட்டின் மேல் விரலை ஓட்டி,
மரியாதையாகத் தலையசைத்து,
"இது புசோலின் போட்ட திட்டமா?" என்று கேட்டார்.

நான் காலுறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு, பதினெட்டு.
மறுபடியும் முதலிலிருந்து.