மஞ்சள் கேபிள்

முதலில் நிறமே வரவில்லை.
ஐம்பத்தைந்து அங்குலத்தில்
ஒரு கறுப்பு வெள்ளைக் காடு,
அதன்மேல் சாம்பல் நிறச் சூரியன்.
மயக்க மருந்துப் பிரிவு எடிலேனி
கடனுக்குப் பதிலாகக் கொடுத்த கன்சோல் அது.
பிரேசிலில் விற்ற பெட்டிக்கு
பிரேசிலின் நிறமொழி மட்டும்தான் தெரியும்,
பால்-எம் என்று அதற்குப் பெயர்.
புது டிவி அந்த மொழியை
மெனுவின் ஏழாவது படிக்குக் கீழே
ஒளித்து வைத்திருந்தது.
கண்டுபிடித்தபோது மணி இரண்டு.
குரிச்சிபாவில் ஜூலைக் குளிர்.
கம்பளிக்குள் இருந்தபடியே நெல்சிர்
"படம்தான் வருதே, படு ஜுசாரா" என்றான்.

நிறம் வந்தது. ஆள் குண்டாகிவிட்டான்.
அட்டைப்படத்தில் ஒல்லிக்குச்சி.
இங்கே திரையின் அகலத்துக்கு இழுபட்டு
ஞாயிறு விருந்திலிருந்து எழுந்து வந்தவன் போல
மூச்சு வாங்க ஓடினான்.
நாலுக்கு மூன்று என்று மாற்றினேன்.
இரு பக்கமும் கறுப்புப் பட்டை.
"காசு கொடுத்து வாங்கிய திரையில்
கால்வாசியை ஏன் அணைத்து வைக்கிறாய்?"

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பதினாறு வருடமாக
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க
என்று சொல்லிச் சொல்லி
மங்கலைக் கண்டால்
கை பரபரக்கும்.

அடுத்தது தாமதம்.
பொத்தானை அழுத்துகிறேன்,
டிவி யோசிக்கிறது,
விளிம்பைச் செப்பனிடுகிறது, தூசு தட்டுகிறது,
இல்லாத படங்களை இடையில் செருகுகிறது,
அதற்குள் அவன் பள்ளத்தில்.
கேம் மோடைப் போட்டேன்.
ஷார்ப்னெஸைச் சுழியத்துக்கு இறக்கினேன்.
ஆனாலும் அடிபட்டதும்
மின்னி மின்னித் தெரிய வேண்டியவன்
காணாமலே போனான்.
ஒரு நொடித்துண்டில் இருப்பான், அடுத்ததில் இருக்கமாட்டான்.
இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு
இல்லாததை மட்டும் காட்டியது டிவி.

பழைய குழாய் டிவியே வாங்கு என்றாள் எடிலேனி.
நாற்பது கிலோ. மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

சீட்டுக்கட்டு அளவில்
ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தேன்.
கடல் தாண்ட ஆறு நாள்.
வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டரில்
சுங்கக் கிடங்கில் பத்தொன்பது நாள் தூங்கியது.
வரியோடு சேர்த்து
ஒரு நல்ல குளிர்கோட்டின் விலை.
கோட்டு வாங்கவில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்.
ஒவ்வொரு வரியும் நான்காகப் பெருகி
வெட்டி வைத்த மாதிரி நின்றது.
அவன் கையுறையில் ஒரு மடிப்பு,
ஆந்தையின் கண்ணில் ஒற்றை வெள்ளைப் புள்ளி.
யாரும் கவனிக்காத எலும்பு முறிவை
நான் மட்டும் பிடித்துவிட்ட மாதிரி
தனியாகச் சிரித்தேன்.

இரண்டாம் கட்டத்தில் அருவி.

அருவி இல்லை.
மஞ்சள் கேபிளில் நேற்றுவரை கொட்டிய இடத்தில்
ஒரு நீலக் கோடு, ஒரு வெற்றிடம்,
ஒரு நீலக் கோடு, ஒரு வெற்றிடம்.
சீப்பு. ஜன்னல் கம்பி.
இடுக்கு இடுக்காகப் பாறை பல்லிளித்தது.

அந்தக் காலத்தில் யாரோ ஒருவர்
தண்ணீருக்கு நிறம் போதாமல்
கோடு விட்டுக் கோடு வரைந்திருக்கிறார்,
அசட்டு மஞ்சள் கேபிள்
இரண்டையும் குழப்பி
ஈரமாக்கிவிடும் என்று தெரிந்தே.
நான் அழுக்கு என்று துடைத்தது
அவருடைய கடைசி நிறம்.

அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும்
மஞ்சளைத் திரும்பச் செருகலாம்.
சின்னப் பெட்டியிலேயே மங்கலாக்க வசதி உண்டாம்,
ஒன்று முதல் எட்டு வரை.
மங்கலுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள்.

களைத்துப்போய்
மூக்கைத் தேய்க்கக் கண்ணாடியைக் கழற்றினேன்.
மைனஸ் இரண்டே கால்.

தண்ணீர் விழுந்தது.

"நெல்சிர், எழுந்து வா, பார்."
வந்தான். அவனுக்குக் கண் துல்லியம்.
"கோடு" என்றான். கொட்டாவி விட்டான்.

பாறை எங்கே முடிகிறது,
அருவி எங்கே தொடங்குகிறது,
எனக்குத் தெரியவில்லை.
தாவினேன்.

இன்னும் இரண்டு உயிர் மிச்சம்.