எடைமேடை, ஞாயிறு

திங்கள் முதல் சனிவரை
இந்த மேடையில் செம்பனைக் குலைகள்தாம் ஏறும்.
லாரி நிற்கும், எண் நிற்கும், சீட்டு கிழியும்.
மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்
மேனேஜருக்குத் தெரிந்தும் தெரியாமலும்
பதினொரு கார்கள் வந்து ஏறும்:
ஒற்றை இருக்கை, வெளியே துருத்திய சக்கரம்,
வெல்டிங் தழும்பு ஆறாத குழாய்க் கூடு.

நான் ஆலையின் கெராணி.
ஓட்ட வராது எனக்கு. எடை பார்க்க வரும்.

பதினொரு காருக்கு மூன்று வகுப்பு.
பைக் என்ஜின் ஆறு.
ஆயிரத்து அறுநூறு, இன்ஜெக்‌ஷன், நான்கு.
ஆயிரத்து முந்நூறு, கார்புரேட்டர்,
சிங்காரவேலு.
ஒரு காலத்தில் பதினான்கு பேர் ஓடிய வகுப்பாம்.
இப்போது தனியாய்ப் புறப்பட்டு
தனியாய் முதலில் வருகிறார்.
இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும்
பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.
ஆண்டை மட்டும் சுரண்டிவிட்டு
புதியதை ஒட்டி வைக்கிறோம்.

பகாவ் பட்டணத்தில், காதர் கடையில்,
மூன்று மேசையை இழுத்து ஒட்டிப் போட்டுக் கூட்டம்.

கிம் செங் மலாயில் சொன்னான்:
ஒரே வகுப்பு. என்ஜின் எதுவானால் என்ன,
காற்று நுழையும் வாயில் ஒரு வளையம்,
இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
எல்லாருக்கும் ஒரே மூச்சு.

"என் என்ஜினுக்கு நாலு தொண்டை"
என்றார் தேவசகாயம்.
"எதுல மாட்டுவே வளையத்தை?"

அப்படியானால் எடையைக் கூட்டு என்றான் ரொஸ்லான்.
பைக் என்ஜினுக்கு நாற்பது கிலோ ஈயம்.
யார் வாங்கித் தருவது ஈயத்தை?
பள்ளி பஸ் ஓட்டும் அமிர்தவல்லி
அதுவரை தே தாரிக்கின் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்,
"பதினாறு பக்கம் விதி இருக்கு,
காசைப் பத்தி ஒரு வரி இல்ல லா.
என் என்ஜின் பழைய சாமான் கடையில எழுநூறு வெள்ளி.
அவரோடது நாலாயிரம்.
இதுக்கு எத்தனை மில்லிமீட்டர்?"

ரொட்டி வந்தது.
பிய்த்துக் குழம்பில் தோய்க்கிற வேலையில்
எல்லாரும் மும்முரமானார்கள்.

கை தூக்கச் சொன்னபோது
வேண்டும் ஐந்து, வேண்டாம் ஐந்து.
மிச்சம் சிங்காரவேலு.
சேர்த்தால் அவருக்குப் பதினொன்றாம் இடம்,
ஒருவனாவது வழியில் நின்றுபோனால் பத்து.
வீட்டுக் கண்ணாடி அலமாரியில்
ஒன்பது முதல் பரிசு வைத்திருக்கும் மனுஷர்
எண்ணெய்க் கையைத் தொடையில் துடைத்துவிட்டுத் தூக்கினார்,
வேண்டும் பக்கம்.

"முன்னால ஒரு காரோட பின்சக்கரம் தெரியணும்"
என்றார். "ரெண்டு வருசமா ரோடுதான் தெரியுது."

அடுத்த ஞாயிறு முழுக்க என் தலையில்.
ஓட்டுநரோடு சேர்த்து நானூற்று எண்பது, குறைந்த எடை.
இந்த மேடைக்கோ பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
தேவசகாயம் ஏறினால் நானூற்று எழுபது,
இறங்கிப்போய் நாசி லெமாக் சாப்பிட்டு வந்து ஏறினால்
நானூற்று எண்பது.
எழுதிக்கொண்டேன். விதியில் சோறு பற்றியும் வரி இல்லை.

யாரும் என்ஜினைத் திறக்கக் கூடாதென்று
முத்திரை கேட்டார்கள்.
எண்ணெய் டாங்கருக்குப் போடும் கம்பியும் ஈயப்பொட்டும்தான்
என் மேசை இழுப்பறையில்.
பதினொன்றை எடுத்து
ஒவ்வொரு என்ஜின் தலையிலும் துளை வழி கோர்த்து
இடுக்கியால் நசுக்கினேன்.
சிங்காரவேலுவின் கார்புரேட்டர் கொஞ்சம் ஒழுகியது;
கம்பி விரலில் நனைந்தது.

இன்ஜெக்‌ஷன் கணினியை யார் சோதிப்பது
என்கிற பதினான்காம் விதி
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.
கிம் செங் இன்னும் வளையத்தைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறான்.

மூன்று மணிக்கு, மருந்து விமானம் இறங்கிய பழைய தளத்தில்
கொடி விழுந்தது.
பதினொன்றும் ஒரே கூச்சலாய்ச்
செம்பனை வரிசைக்குப் பின்னால் மறைய
நான் பதிவேட்டைத் திறந்தேன்:
முத்திரை எண் 40716 முதல் 40726 வரை, கார்கள்.
40727, திங்கட்கிழமை காலை,
கிள்ளான் துறைமுகம் போகும் டாங்கர்.